பிரேக் விளக்கை அமர்த்தியவர்

போன வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரித் துணி கொண்டு வந்த பெண் கேட்டில் நின்றபடி சொன்னாள்: "ஆயா, கபூர் பாய் போயிட்டாராம்." எங்கே என்று கேட்டேன். அவள் துணியை நீட்டினாள். துணியை வாங்கி வைத்தேன். உள்ளே போய் மீன் கழுவினேன், குழம்பு வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்ததாகப் பிறகு தெரிந்தது.

ரெட்டியார்பாளையத்தில் வண்டி வைத்திருக்கிற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஹாரன், ஹெட்லைட், பேட்டரி பார்க்கிற கடை. நான் ஐந்தாவது வரை படித்தவள். பேத்தி கிளாரா இதை எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம், இது நான் எழுத வேண்டியது என்றேன்.

கிளாரா பிசியோதெரபி படித்தவள். படுத்துக் கிடக்கிறவர்களின் வீட்டுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுக்கிறாள். எங்கள் தெருவில் முதல் கரண்ட் கார் அவளுடையது. அதை நான் உங்களில் பாதிப் பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தக் காரில் ஒரு நாள் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு சும்மாவே எரிந்தது. இந்த மாதிரி வண்டியில் பிரேக் மிதிக்காமல் ஓட்டத்தைக் குறைத்தாலும் அந்த விளக்கு எரியும் என்று கிளாரா முன்பே சொல்லியிருந்தாள். நிறுத்தி வைத்த வண்டியில் எரிவதும் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் வண்டி எழுந்திருக்கவில்லை. முந்தின நாள்தான் முழுச் சார்ஜ் ஏற்றியிருந்தாள். வாங்கின இடத்தில் கேட்டால், கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். கனகசெட்டிக்குளத்தில் வாதம் வந்து படுத்திருந்த ஒருவர் அந்த வாரம்தான் காலை ஊன்ற ஆரம்பித்திருந்தார். விட்டால் மறுபடி படுத்துவிடுவார் என்று கிளாரா கபூர் பாய்க்கு போன் போட்டாள்.

அவர் வந்தபோது நான் கேட்டை மறித்து நின்றேன். "ஹாரன் மாட்டறவர் இதுல கை வெச்சிட்டா அப்புறம் யாரு பாக்கறது? இதெல்லாம் படிச்சவங்க வேலை, பாய்." ஐந்தாவது படித்த நான் சொன்னேன். தெருவில் நாலு பேர் கேட்டார்கள்.

"நான் படிக்கலக்கா. பாக்கத்தான் வந்தேன்" என்றார் அவர்.

முன்மூடியைத் தூக்கி, ஆரஞ்சு நிற வயர்களைக் காட்டினார். "இது பெரிய பேட்டரிக்குப் போறது. இந்தப் பக்கம் வர மாட்டேன், எனக்குத் தெரியாது. செத்துக் கெடக்கறது சின்ன பேட்டரி. ராத்திரியெல்லாம் அந்த லைட்டு எரிஞ்சி குடிச்சிடுச்சு." பிறகு பெடலுக்கு அடியில் தலையை விட்டவர் கேட்டார்: "அக்கா, காலடியில பிளாஸ்டிக் துணுக்கு எதாச்சும் கெடந்துச்சா?"

கிடந்தது. பச்சையாக, பொடிப்பொடியாக. கிளாராவின் பிள்ளையுடைய பொம்மை உடைந்தது என்று கூட்டித் தள்ளியிருந்தேன்.

"வண்டி வாயத் தொறந்து சொல்லியிருக்கு. நீங்க பெருக்கிட்டீங்க."

காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து ஒரு சுவிட்சை அழுத்த வேண்டுமாம். அழுத்துகிற இடத்தில் சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக். அது நொறுங்கிவிட்டால், கால் இன்னும் பிரேக்கில் இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். எல்லாக் காரிலும் இது ஒன்றுதான் என்றார். கொண்டு வந்த பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. தன் டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து மாட்டிவிட்டு, என்னைப் பின்னால் நின்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்ல மாட்டோம். மாதா படத்து விளக்கானாலும் டியூப் லைட்டானாலும் அமர்ந்தது என்போம். "அமர்ந்துடுச்சு பாய்" என்று கத்தினேன்.

"யாருக்கா உக்காந்தது?"

"லைட்டு."

"அது எங்க உக்காந்துச்சு?"

கிளாரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கடை வழியாக எப்போது போனாலும் "அமர்ந்துதான இருக்கு?" என்று கேட்பார். அன்றைக்குப் புறப்படும்போது கிளாராவிடம் சொன்னார்: "எப்பவும் எரியற லைட்டு பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் சொல்லாதும்மா. மறுபடி சும்மா எரிஞ்சா உடனே என்னைக் கூப்பிடு."

கிளாரா அன்றைக்கே கனகசெட்டிக்குளம் போனாள். அந்த மனிதர் இப்போது கம்பு ஊன்றிக் கடற்கரை வரை நடக்கிறார்.

பிரெஞ்சுக்காரன் காலத்துச் சொற்களில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பவை இரண்டு. நன்றிக்கு மெர்சி, மன்னிப்புக்கு பார்தோன். அன்றைக்கு பாய்க்குக் காபி கொடுத்து மெர்சி என்றேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. கேட்டில் நான் சொன்னதை நாலு பேர் கேட்டது எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், கடை எங்கே போகிறது என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம்.

இந்தப் புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன நாள் இன்ன வார்த்தை சொன்னேன் என்று சொல்லி, பார்தோன் என்றேன்.

அந்த அம்மா கேட்டார்: "கரண்ட் காரு பாத்துட்டு வந்த அன்னிக்கா? அந்த அக்கா வீட்டுக் காபி நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலியே."

எனக்கு அழுகை வரவில்லை. அந்த அம்மாவும் அழவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

காபியை பாய் தன் வீடு வரைக்கும் கொண்டு போயிருக்கிறார். என் சொல்லை எங்கள் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் விட்டுப் போனதில் என்னிடம் இருப்பது, அவர் கொண்டு போகாத அந்தச் சொல்தான். அதற்கான பார்தோனை இனி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் வைத்திருக்கிறேன்.