கடைசி நான்கு எண்கள்

நாமக்கல்லில் லாரியை யாரும் முழு எண் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கடைசி நான்கு எண்கள்தான் அதன் பெயர். பல முதலாளிகளின் லாரிகள் எங்கே ஓடுகின்றன என்று கணினியில் பார்த்துச் சொல்லும் அலுவலகத்தில் நான் நிரல் எழுதினேன். முதலாளிகளைவிட ஓட்டுநர்களின் மனைவிமார்தான் அதிகம் கூப்பிடுவார்கள். தொலைபேசி முன் உட்கார்ந்திருக்கும் பெண் நான்கு எண்களைத் தட்டிவிட்டு, "இருங்க, தேடுதுங்க" என்று காத்திருப்பார்.

பழைய நிரல் ஒரு சோம்பேறி. எல்லா லாரிகளையும், அவை போன எல்லா நடைகளையும் ஒரே நீளப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். அரை நிமிடம் ஆகும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். என் தொழிலில் அந்தப் பழமொழிக்கு மரியாதை கிடையாது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாரிக்கு ஓர் அறை என்று வைத்து, அறையின் மேல் அதன் நான்கு எண்களை ஒட்டினேன். இனித் தேட வேண்டாம், நேராக அந்த அறையைத் திறந்தால் போதும். தட்டிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"ஏனுங்க, மந்திரம் போட்டீங்களா?" என்றார் தொலைபேசிப் பெண். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறைகளை எண்ணியபோது பட்டியலில் இருந்த லாரிகளைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தன. இரண்டு முறை பதிந்தவை ஒழிந்தன என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒழிந்தவை உண்மையான லாரிகள். எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கு எண் ராசி முக்கியம். கூட்டினால் ஒன்பது வர வேண்டும். முதல் வண்டிக்கு ராசியாக அமைந்த எண்ணையே, பதிவெண்ணில் அடுத்த எழுத்து வரிசை தொடங்கும்வரை காத்திருந்து, இரண்டாவது வண்டிக்கும் வாங்குவார்கள். பழைய நிரல் இரண்டு வரிகளையும் காட்டும், "பழைய வண்டிங்களா, புதுசுங்களா?" என்று தொலைபேசிப் பெண் கேட்பார். என் அறையில் ஒன்றுக்குத்தான் இடம். புதியது நுழைந்ததும் பழையது சத்தமில்லாமல் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை காலை, பரமத்தி வேலூரிலிருந்து ஓர் ஓட்டுநரின் மனைவி கூப்பிட்டார். "எங்கூட்டுக்காரரு வண்டி நெம்பர் மகாராஷ்டிராவுல கவுந்து கெடக்குதுன்னு சொல்றாங்க. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாருங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே ஒரு வரி, உடனே வந்தது. "பயப்படாதீங்கக்கா, வண்டி ஹூப்ளி தாண்டி ஓடிட்டிருக்குதுங்க" என்றார் தொலைபேசிப் பெண். அந்த அக்கா நம்பி, வெற்றிலை கிள்ளும் வேலைக்குப் போய்விட்டார்.

ஹூப்ளி தாண்டி ஓடியது புது வண்டி. அவர் கணவர் ஓட்டியது பழையது. மகாராஷ்டிரா ஆஸ்பத்திரியில் மதியம் வரை நினைவோடு இருந்தாராம். கை நீட்டி போன் கேட்டாராம். அவர் பேசிய தமிழ் அங்கே யாருக்கும் புரியவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சரியான வரி வந்திருந்தால், விடியலிலிருந்து நகராமல் நிற்கும் வண்டி கண்ணில் பட்டிருக்கும். ஆஸ்பத்திரியைப் பிடித்து, அவர் காதில் போனை வைக்கச் சொல்லியிருப்போம்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஓர் அறைக்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் நிற்கும்படி மாற்றினேன். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. சாப்பிட்டேன், வீட்டுக்குப் போக சேலம் பஸ் ஏறினேன். அழுகை வரும் என்று பல நாள் காத்திருந்தேன், வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். தப்பு தொலைபேசிப் பெண்ணுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பொழைச்சிருக்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. பேசியிருப்பேன் சாமி, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "இப்பச் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பண்ணிட்டேனுங்கக்கா."

"சரி பண்ண எத்தன நேரமாச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பத்து நிமிசமுங்க" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார்.