ஜெனிற்றா வளர்த்த பொன்னாங்காணி

இன்று மதியம் ஒரு களையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டது ஜெனிற்றா. மன்னார்ப் பிள்ளை, தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வரும்போது பழக்கம்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பாபடோயிட்டோய்ப் பகுதியில் வாடகை வீடு, கையில் பால்குடிக் குழந்தை. கணவருக்கு மனுரேவாவில் வேர்ஹவுஸ் வேலை. (ஷிப்ட் முடிந்து வந்தால் மனிதர் நின்றபடியே தூங்குவார்.)

"அக்கா, பொன்னாங்காணி வளர்த்து வச்சிருக்கிறன். சனிக்கிழமை சாப்பிட வாங்கோ" என்று போனில் சொன்னாள்.

ஆக்லாந்தில் பொன்னாங்காணி வறை! தேங்காய்ப்பூப் போட்டு, சின்ன வெங்காயம் போட்டு... யார்தான் விடுவார்கள்?

நான் இருக்கும் பக்குரங்காவிலிருந்து டிராஃபிக்கைக்கூடத் திட்டாமல் போய்ச் சேர்ந்தேன்.

பின்கதவுப் படியில் ஐஸ்கிரீம் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஹோக்கி போக்கி, இந்த ஊர்க்காரர்களின் செல்ல ஐஸ்கிரீம். (கீரை வளர்க்க இவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

நான் வேலை செய்வது ஒரு நர்சரியில். (பிள்ளைகள் நர்சரி இல்லை, செடி நர்சரி.) வேலையில் பாதி, தொட்டிகளில் முளைக்கும் ஒரு களையைப் பிடுங்குவது. வில்லோஹெர்ப் என்று பெயர். தமிழில் அதற்கு யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை, நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

வாரம் முழுக்க நான் திட்டித் திட்டிப் பிடுங்கி எறிவதைத்தான் இவள் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்லவே முடியாது. சின்னச் செடியாக இருக்கும்போது நானும் தடுமாறியிருப்பேன். அதே சிவந்த தண்டு, அதே மாதிரி எதிரெதிராக இலை, ஈரம் கண்ட இடத்தில் முளைக்கிற அதே குணம்.

ஆனால் விரலால் தடவினால் தெரிந்துவிடும். வில்லோஹெர்ப் இலையின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் பல் இருக்கும். பொன்னாங்காணி தரையோடு படர்ந்து, இலைக் கக்கத்தில் வெள்ளைப் பொத்தான் மாதிரிப் பூக்கும். இது இடுப்பளவுக்கு நிமிர்ந்து, உச்சியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நாலே இதழ், ஒவ்வொன்றும் நுனியில் பிளந்திருக்கும். பூவுக்குக் கீழே ஈர்க்கு மாதிரி நீளமான காய். அது காய்ந்து வெடித்தால் பஞ்சுபஞ்சாக விதை பறக்கும்.

விழுந்த இடத்தில் கொஞ்சம் ஈரமும் வெறும் மண்ணும் இருந்தால் போதும். ரயில் பாதையோரம், வடிகால் கரை, கொங்கிரீட் வெடிப்பு, கூரைத் தண்ணீர் கொட்டும் மூலை, எங்கள் நர்சரித் தொட்டி (குறிப்பாக எங்கள் நர்சரித் தொட்டி).

இதற்கு இந்த நாட்டு மண்ணுக்கே உரிய சொந்தக்காரச் செடிகளும் உண்டு. சதுப்பு நிலத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் ஒன்றைக் காட்டி, இதில் மட்டும் கை வைக்காதே என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஜெனிற்றாவின் பெட்டியில் இருந்தது அது இல்லை. ரோஸ் நிறப் பூ பளிச்சென்று விரிந்திருந்தது.

உள்ளே தேங்காய் துருவி வைத்திருந்தாள். குழந்தை இடுப்பில். அவள் முகத்தில் இவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

இதை எப்படிச் சொல்வது? விஷச்செடி என்று கேள்விப்பட்டதில்லை. அதற்காகப் பால் கொடுக்கிற பிள்ளையை, நிச்சயமில்லாத இலையைச் சாப்பிட விடலாமா? சொன்னால் அந்தச் சிரிப்புப் போய்விடுமே என்று கஷ்டமாகவும் இருந்தது.

"இதை எங்க எடுத்தனீர், ஜெனிற்றா?"

"பின்வேலிக் கானுக்குப் பக்கத்தில, அக்கா. தண்ணி தேங்கி நிக்கிற இடம். ஊரிலயும் அப்பிடித்தானே முளைக்கும்."

"கோவிக்காதையும். இது பொன்னாங்காணி இல்லையப்பா. நான் வேலையில பிடுங்கிற களை."

அவள் பூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும் அக்கா."

எனக்குப் புரியவில்லை.

"பூத்த அண்டைக்கே தெரிஞ்சிட்டுது. பொன்னாங்காணியில ரோஸ் பூ ஆர் கண்டது? வறைக்குக் கோவா அரிஞ்சு வச்சிருக்கிறன்."

"பிறகேன் பொன்னாங்காணி எண்டு சொன்னனீர்?"

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சும்மா வாங்கோ எண்டு எத்தினை பேரைக் கேட்டுப் பாத்தன். எல்லாரும் பிஸி. பொன்னாங்காணி எண்டதும் நீங்கள் உடன ஓம் எண்டிட்டியள்."

நான் தட்டை எடுத்து நீட்டினேன். கோவா (முட்டைக்கோசுதான்) வறையை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது. பொழுது சாயும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பாபடோயிட்டோய்ப் பக்கம் இருக்கிற உறவுகளே, பகலில் அந்த வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும்தான். போக விருப்பமானவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அவளுடைய நம்பரை உள்பெட்டியில் தருகிறேன்.

கீரை கிடையாது. சும்மா போங்கள்.