சத்தம் கேட்டு யாரும் வரவில்லை

இருபது வயதில் வந்த பொன்னுக்குவீங்கி என் விரைகளைக் கெடுத்துவிட்டது. ஆண்மைச் சுரப்பு குறைந்ததால் மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பம் சென்னைக்குப் போன பின், காரைக்குடியில் எங்கள் பெரிய வீட்டில் நான் மட்டும்தான்.

ஊசியால் உடம்பில் தெம்பு ஏறியது. இரும்புத் தட்டுகளும் கம்பியும் வாங்கி வந்து, வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் எடை தூக்க ஆரம்பித்தேன். ஊரார் கேள்வி கேட்பார்களே என்று வாசல் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். எடையை வேகமாகக் கூட்டினேன்.

ஒருநாள் பெஞ்சில் மல்லாந்து தூக்கும்போது தோளில் சுரீரென்றது. கம்பி நெஞ்சில் இறங்கி அழுத்தியது. கத்தினாலும் தெருவரை கேட்காது. மூச்சுத் திணற, கம்பியை ஒருபக்கமாகச் சாய்த்தேன். தட்டுகளைக் கம்பியோடு இறுக்கும் திருகாணியை அன்று முடுக்க மறந்திருந்ததால் அவை சரிந்து விழுந்தன. தரைக்கல் உடைந்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. யாரும் வரவில்லை.

ஊசி போடும் டாக்டர் தோளைப் பார்த்துவிட்டு, "எடை தூக்குறத எங்கிட்ட ஏன் சொல்லாம இருந்தீக? ஊசியால சதைக்குச் சீக்கிரம் பலம் வந்துரும். மூட்டு நாரு மெதுவாத்தான் இறுகும். இனிமே ஆள் இல்லாம தூக்காதீக," என்றார்.

தோள் ஆறியபின் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை. நான் தூக்கும்போது, அங்கே பயிற்சிக்கு வரும் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் தலைமாட்டில் நிற்பார். கம்பிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, "தூக்குங்க, நான் இருக்கேன்" என்பார். பல நாட்களில், நாள் முழுக்க என்னிடம் ஒருவர் பேசும் பேச்சு அது ஒன்றுதான்.