பலகையில் எழுதிய காற்று

படகுத் துறையில் என் ஐஸ் கடைக்குப் பக்கத்தில், தூண்டிலுக்கு இரை விற்கும் கடை வைத்திருக்கும் அக்காவின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. விடியற்காலையில் ரேடியோவில் வானிலை கேட்டு, திரும்பிவந்த படகுக்காரர்களின் வாயைக் கிண்டி, இரண்டு வரி எழுதுவாள். கரையோரத்துக்கு ஒன்று, ஆழ்கடலுக்கு ஒன்று. மீன் அகப்பட்ட இடத்தைப் பற்றி மீன்காரன் வாயில் உண்மை வருவது குதிரைக்கொம்பு. அந்தப் பொய்களைச் சலித்தெடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

குளிர் விலகி, வெயில் இதமாக ஏறும் காலம் அது. தண்ணீர் வெதுவெதுப்பானதும் முகத்துவாரத்துக்குக் கொடுவா மீன் வரும். வெளியே வஞ்சிரம் கூட்டமாகத் திரியும். காலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மதியத்துக்கு மேல்தான் காற்று.

அப்படி ஒரு காலையில் அக்காவின் புருஷன் அவள் கடைக்குள் வந்து குசுகுசுத்தான். எனக்கு இது பிறகுதான் தெரியும்.

"ஆழ்கடல்ல, தெக்கு மேட்டுல வஞ்சிரம் மொய்க்குது. அங்க இப்பவே காத்து, யாரும் போகாதீங்கன்னு எழுதிடு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அக்கா முறைத்தாள். பிறகு எழுதிவிட்டாள். கட்டினவன் கெஞ்சினால் என்னதான் செய்வாள்? எனக்குக் கோபமெல்லாம் அவன்மேல்தான். எங்களிடம் முகத்துவாரத்துக்குப் போவதாகக் கூசாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மதியத்துக்குள் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட்டன, அவனுடையதைத் தவிர. காற்று எழும்பியது.

"மாமா முகத்துவாரத்துல நல்லாத் தூங்கிட்டிருப்பாரு" என்று அவனைச் சொல்லிப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தெற்கு மேட்டில் போன் எடுக்காது. என்ஜின் நின்றிருந்தால் இழுத்துவர அங்கே ஒரு படகும் கிடையாது. எல்லோரையும் கரையோரத்தில் நிறுத்தியது அவள் எழுத்துதான்.

பொய் எழுதியதைச் சொன்னால் பலகையை இனி எவனும் நம்பமாட்டான். பலகையைப் படிக்க வருகிறவர்கள்தான் அவளிடம் இரை வாங்குகிறவர்கள். தெரிந்தும் படகுக்காரர்கள் நடுவில் போய் நின்றாள்.

"காலையில நான் எழுதினது பொய். தெக்கு மேட்டுல அப்ப காத்தே இல்ல. அவரு அங்கதான் போயிருக்காரு. யாராவது போங்கப்பா."

சுருட்டு என்று நாங்கள் கூப்பிடும் கிழவர்தான் முதலில் எழுந்தார்.

"திட்டுறதை வந்து வச்சுக்கலாம். கயிறை எடுங்கடா."

பொழுது சாயும்போது அவன் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டே இறங்கினான். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "இடத்தைச் சொல்லிட்டியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை, ஆழ்கடல் மதியம்வரை நல்லது என்று எழுதினாள். வந்தவர்கள் படித்தார்கள். படித்துவிட்டு ஒவ்வொருவராகத் துறை முனைவரை நடந்துபோய், தாங்களே கடலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்கக்கா" என்றேன்.

"பார்க்கட்டும் தம்பி. அவரு உள்ள தூங்கறாரு. எனக்கு அது போதும்."