இரண்டாம் முறை கேட்காத கடை

மேன்ஹாட்டனில் கல்யாண கவுன்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு கடையில் நான் வேலை செய்கிறேன். மணி வைத்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தரையில் புரளும் ஓரத்தை மடித்து அடிப்பது, எல்லாம் கைவேலை. கல்யாண சீசனில் கடையை மூடுவதற்குள் இரவு பத்தைத் தாண்டிவிடும். கடைக்குள் சாப்பாடு எடுத்து வரக் கூடாது என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளைப் பட்டில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், கண் இருட்டும்.

எங்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்சி சிட்டியில். இரவில் ரயில் அடிக்கடி வராது. ஒருநாள் பிளாட்பாரத்தில் காத்திருந்தபோது தலை சுற்றி, தூணைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் தன் பையிலிருந்த ஜூஸைக் கொடுத்துக் குடிக்க வைத்தாள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கோட்டில் ஒட்டியிருந்த அழுக்கு காட்டிக் கொடுத்துவிட்டது.

"போதும், அந்த வேலைய விட்டுடு" என்றார் என் கணவர். அவர் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்டர்.

"நேரத்துக்குச் சாப்பிட்டா சரியாயிடுங்க."

"எங்க சாப்பிடுவ? ஒரு கடைக்குள்ள போயி வாயத் திறந்து காபி கேப்பியா நீ? இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து உனக்கும் சேர்த்து நான்தான் ஆர்டர் பண்றேன்."

அவர் சொன்னது உண்மை. நான் செங்கல்பட்டில் பத்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் புரியும். பேசினால் எதிரே இருப்பவர் "சாரி?" என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது என் குரல் இன்னும் கீழே போய்விடும். தையல் கடையில் அந்தத் தொல்லை இல்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. என் கை வேலையைப் பார்த்து ஒரு மணப்பெண் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பாளே, அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை. வேலையை விடுவதில்லை என்று அன்று இரவே முடிவு செய்தேன். அப்படியென்றால் ரயில் ஏறுவதற்கு முன்னால் எங்காவது உட்கார்ந்து, சூடாக, வயிறு நிறையச் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் நானே கேட்டு.

கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் யுக்ரேன்காரர்களின் சாப்பாட்டுக் கடை ஒன்று இரவு முழுக்கத் திறந்திருக்கும். கண்ணாடியில் ஆவி படிந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். மறுநாள் உள்ளே போய், கல்லாவுக்கு எதிரே வரிசையாக இருந்த உயர ஸ்டூல்களில் ஒன்றில் உட்கார்ந்தேன். பரிமாறும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சிவப்புச் சாயம் அடித்த கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். மெனுவைக் கொடுத்தாள். எழுத்துகள் எனக்குக் கண்ணில் பதியவில்லை. பக்கத்தில் டாக்ஸிக்காரர் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த பீட்ரூட் சூப்பை விரலால் காட்டி, "நோ மீட்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

சூப் வந்தது. லேசான புளிப்பும் லேசான இனிப்புமாக, மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர் போட்டு, கூடவே தடியாக ரொட்டித் துண்டும். வேகமாகக் காலி செய்தேன். அவள் வந்து, "வேறே ஏதாவது? உருளைக்கிழங்கு வரேனிக்கி இருக்கு, நல்லா இருக்கும்" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"நோ, நோ, தேங்க்யூ" என்றேன்.

எங்கள் வீடுகளில் முதலில் சொல்கிற வேண்டாம் ஒரு மரியாதை, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் இலைக்கு மேலே கையை நீட்டி மறைப்போம். பரிமாறுகிறவர் அதைப் பார்க்காதவர் மாதிரி விரலிடுக்கு வழியாகவே ஊற்றிவிட வேண்டும். முதல் வேண்டாமிலேயே வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால், அந்தக் கல்யாணத்தை ஊர் லேசில் மறக்காது. அதனால் நான் காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பில்லை வைத்துவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டிருந்தாள். அரை வயிற்றோடு எழுந்து வந்தேன். அன்று மயக்கம் வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிரிட்ஜைத் திறந்தேன்.

கல்லூரியில் படிக்கும் மகளிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தாள்.

"அம்மா, ஜஸ்ட் சே யெஸ்!"

"மொதத் தடவையே எப்படிடி ஆமான்னு சொல்றது? அலையறான்னு நெனைக்க மாட்டாங்க?"

"ஷீ இஸ் எ வெயிட்ரஸ், மா. நாட் யுவர் சம்பந்தி."

மறுநாள் ஒரு கவுனின் ஓரத்தை மடித்தபடி "யெஸ் ப்ளீஸ், யெஸ் ப்ளீஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். "நோ, நோ" என்றேன். வாயிலிருந்த ஊசி தொண்டைக்குப் போகாமல் தப்பியது.

அன்று இரவு அதே ஸ்டூல், அதே சூப், பக்கத்தில் அதே டாக்ஸிக்காரர். ரொட்டியைத் தின்றுகொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் வந்தாள்.

"வேறே ஏதாவது?"

"நோ, நோ."

என் வாய்தான் சொன்னது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். இப்படியே எழுந்து போனால் மறுபடி அந்தத் தூண், மறுபடி அந்த அழுக்குக் கோட்டு, அத்தோடு வேலையும் போச்சு என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"எக்ஸ்க்யூஸ் மீ!"

புறப்பட்டுவிட்ட பஸ்ஸை நிறுத்துகிற குரல் அது. எனக்குள் இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தேன். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டாக்ஸிக்காரர் ஸ்பூனை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"யெஸ்! ஐ வான்ட். பொட்டேட்டோ. நோ மீட்."

அவள் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "முதல்ல வேண்டாம், அப்புறம் வேணும். அப்படியே என் மாமியார் மாதிரி" என்றாள். டாக்ஸிக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து அவள் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

வந்ததைப் பார்த்தால் நம் கொழுக்கட்டையின் மைதா தம்பி மாதிரி இருந்தது. ஓரத்தை யாரோ கையால்தான் மடித்திருக்கிறார்கள். மடிப்பு ஒன்றுபோல் இல்லை, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. உள்ளே மசித்த கிழங்கு, மேலே வெண்ணெயில் சிவக்க வதக்கிய வெங்காயம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அன்று பிளாட்பாரத்தில் தூண் பக்கமே போகாமல் நின்றேன்.

அதன் பிறகு வேலை இருந்த இரவெல்லாம் அங்கேதான். இப்போதும் சில நாள் வாய் முந்திக்கொண்டு நோ என்றுவிடும். அவள் ஒருநாளும் இரண்டாம் முறை கேட்டதில்லை. நான்தான் கூப்பிட்டு மாற்றிச் சொல்வேன்.

கணவர் நம்பவில்லை. "நெஜமாவே சாப்பிடறியா, இல்ல வேலைய விடச் சொல்லுவேன்னு கத விடறியா?" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் வேலை இழுத்துவிட்டதால் நேராக எங்கள் தையல் கடை வாசலுக்கே வந்து நின்றார். "வா, காட்டு."

கூட்டிப் போனேன். அந்த அம்மா வந்ததும், எனக்கு வேண்டியதை நான் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அவரிடம் கேட்டாள்.

"நோ, நோ, ஐ ஆம் ஃபைன். ஜஸ்ட் காபி" என்றார்.

அவள் போய்விட்டாள். மத்தியானத்துக்கு மேல் அவர் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. என் தட்டு வந்தது. வெங்காய வாசனை அவர் பக்கமாகத்தான் போனது.

"எப்படி இருக்கு அது?"

"நல்லா இருக்கு."

காபியைக் கலக்கினார். அதில் கலக்குவதற்கு ஒன்றும் இல்லை, சர்க்கரையே போடவில்லை.

"உள்ள என்ன?"

"உருளைக்கிழங்கு. வேணும்னா கேளுங்க, தருவாங்க."

"இப்பதானே வேணாம்னேன். எப்படிக் கேக்கறது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீயே சொல்லேன்."

நான் கையைத் தூக்கினேன். "எக்ஸ்க்யூஸ் மீ! ஒன் மோர் ப்ளேட். ஃபார் ஹிம்."

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இவருமா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டாள்.

தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்தார். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வண்டி ஆற்றுக்கு அடியில் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை மெனுவுல காளான் போட்டது ஒண்ணு இருக்கு பாரு, அதச் சொல்லு எனக்கு."