டேனியல் அண்ணனின் காரில் சத்தம் போன நாட்கள்

எங்கள் கம்பெனிக் காரில் பாட்டு திடீரென்று பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும், டேனியல் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து எழுதுவார். ஏற்றுமதிச் சட்டைகளில் தொங்கவிடும் விலை அட்டை அது. அச்சு தப்பாகி, வேண்டாமென்று கழித்துப் போட்டது. முன்பக்கம் யூரோவில் விலை இருக்கும். வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் ‘செவ்வாய், 11.40, வீரபாண்டி பிரிவு, ஏசி ஓடுது’ என்று குண்டு குண்டாக எழுதுவார். எழுதியதை ரப்பர் பேண்டுக்குள் சேர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல மறுபடி கியர் போடுவார்.

2007ஆம் வருடம். அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் பயிற்சிக்காலத்தில் இருந்தேன். படித்தது பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ், எங்கள் வீட்டில் முதல் பட்டம். பார்த்த வேலையோ துணி சாம்பிள்களைத் தூக்கிக்கொண்டு சாயப் பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் டெஸ்டிங் லேபுக்கும் அலைவது. மூன்று வருடம் படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அவள் இன்னொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தாள். ஏசி காரில் மகள் போகிறாள் என்பதே அவளுக்குப் போதும். கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான்.

வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், புதன், வெள்ளி, அந்த வெள்ளைக் காரில் டேனியல் அண்ணனோடு போவேன். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். பத்தாவது முடித்து, பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்து கட்டிங்கில் துணி விரிக்க நின்றவர், பன்னிரண்டு வருடத்தில் கட்டிங் மாஸ்டர் ஆனார். வெட்ட வேண்டிய பாகங்களை வரைந்த மார்க்கர் தாளைப் பார்த்ததுமே எத்தனை கிராம் துணி வீணாகும் என்று சொல்வாராம். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்துப் பஞ்சும் அவருடைய நெஞ்சுக்குள் போயிருந்தது. ஒருநாள் கட்டிங் டேபிள் பக்கத்திலேயே மூச்சு இழுத்துக்கொண்டு விழுந்தார். இனிமேல் பஞ்சு பறக்கிற இடத்துக்குள் கால் வைத்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் முதலாளி சாமியப்பன் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தாராம்.

“ஏப்பா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“டிராக்டர் ஓட்டுவேனுங்க.”

“அது போதும். காரு அதைவிடச் சின்னதுதான்.”

இதைச் சொல்லும்போதெல்லாம் டேனியல் அண்ணன் சிரிப்பார். முதலாளியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கு முந்தைய டிசம்பரில் முதலாளி வெளிநாடு போய், அங்கே நம் சட்டைகளை வாங்கும் ஒரு பையரின் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு வந்தார். வந்த மாதமே நம் வண்டியிலும் அதைப்போல் சத்தம் சுற்றி வர வேண்டும் என்று மாட்டச் சொன்னார். முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்னால் நான்கு, டிக்கியில் பேஸ் பெட்டி. முன்னால் இருக்கும் இரண்டும் டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியிலிருந்தே ஓடும். மற்றவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர். அதை இடதுபக்க முன்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

முதலாளி இல்லாதபோது டேனியல் அண்ணன் தன் சர்ச் பாடகர் குழுவின் சிடியைப் போடுவார். கோயம்புத்தூர் போய்ப் பதிவு செய்தது. அதில் அவரும் பாடியிருந்தார். “கேளுங்க அம்மணி, நான் இங்க நிக்கிறேன், எங்க ஊட்டுக்காரி பூங்குழலி அங்க நிக்கிறா” என்று வலது காதையும் முதுகுப்பக்கத்தையும் காட்டுவார். நான் சிடியை ரசித்தேனோ இல்லையோ, அவர் கை காட்டுவதை ரசித்தேன்.

ஜனவரியிலிருந்து அந்தத் தொல்லை ஆரம்பித்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும், சட்டென்று நடுவும் பின்னாலும் செத்துப்போகும். முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் தகரம்போலக் கத்தும். கால் மணி, அரை மணி கழித்துத் தானாகவே வந்துவிடும்.

“பின்னாடி நிக்கிற பொம்பளைங்க எல்லாம் பாதிப் பாட்டுல எந்திரிச்சுப் போயிட்ட மாதிரி இருக்குதுங்க” என்றார்.

மாட்டிய கடைக்கே கொண்டுபோனார். அங்கே ஒரு மணி நேரம் பாடவிட்டும் ஒன்றும் ஆகவில்லை. “டாக்டரக் கண்டதும் காச்சல் ஓடிப்போயிருதுங்க” என்று திரும்பி வந்தார். ஃபியூஸ் மாற்றினார். ஸ்பீக்கர் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். நான் புத்தகத்தை நினைவுபடுத்திக்கொண்டு, “எர்த் லூஸா இருக்கும்ணா” என்றேன். நான் சொன்னதற்காக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆராதனை முடிந்து வந்து, எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டைச் சுரண்டி முறுக்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை பல்லடம் தாண்டுவதற்குள் சத்தம் போய்விட்டது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்தார், எழுதினார்.

முதலாளி ஞாயிறுகளில் குடும்பத்தோடு உடுமலைப் பக்கம் தானே ஓட்டிக்கொண்டு போவார். அப்போது ஒருமுறைகூடச் சத்தம் போனதில்லை. அதுதான் டேனியல் அண்ணனுக்கு வினையானது.

“நான் ஓட்டுனா போறதில்ல. நீ ஓட்டுனா மட்டும் போகுது. வண்டிக்கு ஆள் தெரியுமா?” என்று ஆபீஸ் வாசலிலேயே கேட்டார் முதலாளி. “வயரப் புடுங்கி விளையாடிட்டு இருக்கியா? வியாழக்கிழமை பையர் வர்றான். ஏர்போர்ட்ல இருந்து வர்றப்ப சத்தம் போச்சுன்னு வெய்யி, நீ மறுபடி கட்டிங்குக்கே வந்துரு. நான் வேற டிரைவர் பாத்துக்கிறேன்.”

“சரீங்க” என்றார் டேனியல் அண்ணன். அவ்வளவுதான். ஆனால் கட்டிங் ஹால் கதவு திறந்திருந்தது. அதைத் தாண்டிப் போகும்போது அவர் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பையர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, அவிநாசி ரோட்டில் சத்தம் போனது. புங்கமர நிழலில் நிறுத்தினார். நான் அந்த அட்டைக் கட்டை வாங்கி மடியில் பரப்பினேன். இருபத்து மூன்று அட்டைகள். எல்லாமே செவ்வாய், புதன், வெள்ளி. ஞாயிறு ஒன்றுகூட இல்லை, திங்கள் இல்லை. ஒரே ஒரு அட்டை வேறு மாதிரி இருந்தது: ‘மார்ச் 9, வெள்ளி, லேபுக்குத் தனியாப் போனேன், முழுக்கப் பாடுச்சு.’

மார்ச் ஒன்பது. சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் லீவு போட்ட நாள்.

நான் எப்போதும் பின்சீட்டில் இடதுபக்கம்தான் உட்காருவேன். அப்ரூவல் ஆன துணிகளையும், மாதிரிக்குக் கத்தரித்த பிட்டுகளையும் கட்டுக் கட்டாக முன்சீட்டுக்கு அடியில் திணித்து வைப்பேன். திருப்பூரில் வளர்ந்த யாருக்கும் இருக்கிற பழக்கம்தான் அது. சந்து கிடைத்தால் பனியன் துணியைத் திணித்துவிடுவோம். கதவு ஆடினால், மிஷின் அதிர்ந்தால், செருப்புப் பெரிதாக இருந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். துணி ஒன்றும் செய்யாது என்று நினைப்பு. இறங்கும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் தடயமும் இருக்காது.

குனிந்து கட்டுகளை வெளியே இழுத்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல் சுட்டன. அதற்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரில் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றில்லாமல் வெந்துபோய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்திருந்தது. இருவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் சிவப்பு பச்சையானது. பின்னாலிருந்து பெண்கள் பாடத் தொடங்கினார்கள்.

“அண்ணா, நாந்தான்” என்றேன்.

“அட, உடுங்க அம்மணி. தெரிஞ்சா செஞ்சீங்க?” அவர் முகத்தில் கோபமே இல்லை, கண்டுபிடித்த சந்தோஷம்தான். “சார்கிட்ட வயரு லூஸா இருந்துச்சு, முறுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு எதுக்கு? இன்னும் வேலை நிரந்தரமாகல.”

நான் மறுத்திருக்க வேண்டும். ‘எங்க சத்யப்பிரியா எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பொண்ணு’ என்று முதலாளி பையர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். ஆம்ப்ளிஃபயர் சூடாகும், அதற்குக் காற்று வேண்டும் என்று இரண்டாம் வருடத்தில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? “சரிங்கண்ணா” என்றேன். புதன்கிழமை முழுக்கப் பிட்டுக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சத்தம் போகவில்லை. எனக்குத்தான் பாட்டு காதில் விழவில்லை.

வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரை பாட்டு ஒரு நொடிகூடத் தடங்கவில்லையாம். பையர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாராம். கம்பெனி வாசலில் அவரை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, முதலாளி கார் பக்கம் திரும்பி வந்தார். பிட்டுக் கட்டோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

“எந்த வயருப்பா லூஸு?”

“பின்னாடி வயருங்க.”

“மூணு மாசமாத் தெரியாத வயரு, மெரட்டுன ரெண்டாம் நாளே எப்படித் தெரிஞ்சுது? அப்ப இத்தன நாளும் நீதான் பண்ணிட்டு இருந்திருக்கிற. பொய் சொல்றவங்கிட்ட நான் பையரை ஒப்படைக்க முடியாது. ஒண்ணாந்தேதியில இருந்து கட்டிங்குக்கு வா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்து, வேண்டாமென்று கண்காட்டியிருந்தால் ஒருவேளை நான் இன்னும் கொஞ்சம் தயங்கியிருப்பேனோ என்னவோ.

“சார், அது நான் பண்ணுனதுங்க சார்.”

எல்லாவற்றையும் சொன்னேன். டேனியல் அண்ணனிடமிருந்து அட்டைக் கட்டை வாங்கிக் காட்டினேன். மார்ச் ஒன்பதைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். கையிலிருந்த பிட்டுக் கட்டைச் சீட்டுக்கு அடியில் வைத்தும் காட்டினேன். முதலாளி அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். யூரோ விலையைப் பார்த்தாரா, எழுத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

“இதை ஏம்பா நீ சொல்லல?” என்று அவரைக் கேட்டார்.

“சின்னப் புள்ளைங்க. வேலைக்குச் சேந்து ஆறு மாசந்தான் ஆச்சு.”

“நீ கட்டிங்குக்குப் போனா எத்தன மாசம் இருப்பேன்னு யோசிச்சியா?” என்றார் முதலாளி. அட்டைக் கட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எலக்ட்ரானிக்ஸ்! நல்லாப் படிச்ச போ. நாளையில இருந்து நீயும் உன்ற பிட்டும் டெம்போவுல போங்க. டேனியல் காருலயே இருக்கட்டும்.”

வேலை போகவில்லை. அதன் பிறகு பதினொரு மாதம் நல்லான் அண்ணன் ஓட்டும் கம்பெனி டெம்போவில்தான் சாம்பிள் கொண்டுபோனேன். பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். கெட்டுப்போன ஒரு கருவியின் முன் உட்காரும்போது, எந்த நாளில் கெட்டது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எளிதில் வருவதில்லை. அந்த இரண்டு நாள் நான் ஏன் சும்மா இருந்தேன் என்று டேனியல் அண்ணன் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னமும் தெரியாது.

டெம்போவில் ஏறிய முதல் நாள் நினைவிருக்கிறது. டேனியல் அண்ணன் காரை நிறுத்திவிட்டு வந்து, என் கட்டுகளைத் தானே தூக்கிப் பின்னால் அடுக்கினார். நடுவில் உட்காரப் போனவளைத் தடுத்தார்.

“அங்க வேண்டாம் அம்மணி, அடியில இஞ்சின். சுடும். இப்படி ஜன்னலோரமா வாங்க.”

நான் நகர்ந்து உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி, இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.