உள்ளே ஆள் வைத்துப் பூட்டாதவர்

கிளாராக்கா இறந்த செய்தி எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. "கிளாரா மேடம் எக்ஸ்பயர்ட். ஹார்ட் அட்டாக். அவங்ககிட்ட இருக்கிற சைட் சாவிகளை யாராவது உடனே கலெக்ட் பண்ணவும்." நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை. அதற்குக் கீழே சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். செத்ததற்கா, சாவிக்கா என்று விளங்கவில்லை. போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன்.

நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரகடம் பக்கம் குடோனும் ஷோரூமும் வைத்திருக்கும் முதலாளிகள் பலர் சென்னையில் இருக்கிறார்கள். சாவியைத் தங்கள் மேனேஜரிடமே கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. அதனால் எங்கள் ஏஜென்சியிடம் கொடுக்கிறார்கள். காலையில் போய்த் திறப்பதும், வேலை முடிந்ததும் பூட்டி அலாரம் போட்டுவிட்டு வருவதும் எங்கள் தொழில். கிளாராக்கா தண்டலத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இதைப் பல வருடம் செய்தார்.

இனிமையானவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார். எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பார். ஒரு ஷோரூமில் ஆபீஸ்காரர்களுக்குப் பீங்கான் கப், எங்களுக்கும் கூட்டுகிற பெண்ணுக்கும் பேப்பர் கப். "சீ, உங்க டீயே வாணாம், நீங்களே குடிங்க" என்று கப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர், தள்ளுவண்டியில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து டீ வாங்கினார். குடித்து முடிக்கும்வரை திட்டு ஓயவில்லை.

பூட்டும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து, "உள்ள யார்னா கீறீங்களா? பூட்டப்போறேன்" என்று குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் கக்கூஸ் வரைக்கும் போய்க் கதவைத் தட்டிவிட்டு வருவார். காலிக் கட்டடத்தில் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேலி செய்வேன். "ஆள் இருந்தா பதில் வரும். உனக்கு இன்னா நோவுது சேகரு?" என்பார்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் குடோன். மாலை ஷிப்டில் பாக்கிங் செய்கிறவர்கள் எல்லாம் தெற்கிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். சாமான் திருட்டாக வெளியே போகிறது, அதனால் ஷிப்ட் முடியும்வரை ஷட்டரை வெளியிலிருந்து பூட்டி வையுங்கள் என்றார் மேனேஜர். பின்கதவை ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். கிளாராக்கா வழக்கம்போல, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டார்.

"யாரும் இல்லம்மா. காண்ட்ராக்ட் ஆளுங்க மட்டும்தான்."

கிண்டலாகச் சொல்லவில்லை, கோபத்திலும் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அத்தனை அட்டைக்கும் பெயிண்ட் தின்னர் டப்பாவுக்கும் நடுவே ஒரு பொறி விழுந்தால் அந்தப் பிள்ளைகள் கருகிப்போவார்கள். இந்த மனிதரைக் கேட்டால், உள்ளே யாருமே சாகவில்லை என்பார்.

கிளாராக்கா பூட்டை ஸ்கூட்டி டிக்கியில் போட்டு மூடினார். பிறகு ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு உள்ளே இருந்தவர்களிடம் கேட்டார்.

"இன்னாப்பா, உங்கள உள்ள வச்சு பூட்டச் சொல்றாரு. கேட்டா, உள்ள யாரும் இல்லியாம். அப்ப நீங்கள்லாம் யாரு?"

டேப் ஒட்டும் சத்தம் நின்றது. ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். பூட்டினால் நாளையிலிருந்து வரமாட்டோம் என்று திருநெல்வேலிப் பெண் ஒருத்தி தெளிவாகச் சொன்னாள். லாரி லோடுக்குக் காத்திருந்ததால் மேனேஜர் பேச்சை விட்டுவிட்டார். எங்கள் ஏஜென்சி முதலாளிதான் விடவில்லை. கஸ்டமர் பூட்டச் சொன்னால் பூட்ட வேண்டும், அதற்குத்தானே சம்பளம் என்று ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கத்தினார். கிளாராக்கா அசரவில்லை.

"நான் கடைய பூட்டற வேலைக்கு வந்தேன் சார். ஆள பூட்டற வேல போலீசுக்காரன் செய்யறது" என்றார்.

அடக்கத்தன்று அவர் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று எழுதியிருந்தது. வைத்தது அதே மேனேஜர்தான். கிளாராக்கா படத்தைவிட, கை கூப்பி நிற்கும் அவர் படம் பெரிது. த்தூ. உள்ளே வந்து ஒரு மாலையைப் போட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இனி அந்த சைட்டுக்கு நான்தானா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் குரலைத் தணித்தார்.

"இனிமேலாச்சும் ஷிப்ட் டைம்ல பூட்டிக்கலாம்ல? அந்தம்மாதான் புடிவாதம் புடிச்சுது."

அப்போது சவப்பெட்டியைக்கூட மூடவில்லை. பூட்டமாட்டேன் என்றேன். ஏன் என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தெருவோரம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

கிளாராக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குமட்டலைத்தான். பொறுமைசாலி, அன்பானவர் என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். நமக்கெல்லாம் பழகிப்போன நாற்றம் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. அவ்வளவுதான் அவர். சொன்னபடி பூட்டாததால், அந்தக் குடோனை என்னிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக ஆபீஸில் பேச்சு. இதைப் படிக்கும் நம் ஏஜென்சி ஆட்களில் ஒருவருக்குத்தான் வரும். சாவியை வாங்கியதும், நேராக உள்ளே போய் அந்தப் பிள்ளைகளிடம் பேரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, முடிந்தால் பூட்டிப் பாருங்கள்.